மணல் தரை டாக்கீஸ் – 17: துப்பாக்கி பிடித்த அம்மா

சென்ற வாரம் டி.ஆர். ராஜகுமாரியை 'மனோகரா' அரண்மனையில் வசந்தசேனையாக விட்டுவிட்டு வந்தோம். அது 1954 மார்ச். ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 13ஆம் தேதி, தமிழ்ப் புத்தாண்டை ஒட்டி இன்னொரு படம் வந்தது. அதில் அரண்மனை இல்லை, ராணி இல்லை, கத்திச் சண்டை இல்லை. திரை விலகியதும் ஒரு துப்பாக்கி வெடிக்கிறது. சிவாஜி கணேசன் சாய்கிறார். கதாநாயகன் செத்த பிறகுதான் கதையே தொடங்குகிறது.

எங்கள் ஆச்சி அந்தப் படத்தைத் தென்காசிப் பக்கம் ஒரு கொட்டகையில் பார்த்திருக்கிறாள். கடையத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு போன கூட்டத்தில் ஒருத்தி. படத்தைப் பற்றி அவளுக்கு ஒரே ஒரு விமர்சனம்தான்: "பாட்டு இப்ப வரும், இப்ப வரும்னு உக்காந்திருந்தேன் பாத்துக்கோ. முறுக்குத் தீந்ததுதான் மிச்சம்." கொலை செய்தது யார் என்று கேட்டால் மட்டும் ஆச்சி சொல்லமாட்டாள். "போயிப் பாருலே" என்பாள். பாட்டில்லாத கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் மர்மத்தைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்ற நாணயம் அவளிடம் இருந்தது. எனக்கு அந்த நாணயம் கிடையாது. 70 ஆண்டுகள் ஆன ரகசியம், இந்த அத்தியாயத்தில் உடையப்போகிறது. படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

படம் 'அந்த நாள்'. தலைப்பில் வரும் அந்த அம்மா பண்டரிபாய்.

ஹாலிவுட்டில் 1940களில் ஒரு வகைப் படங்கள் வந்தன. இரவு, மழை, சிகரெட் புகை, ஜன்னல் பலகைகளின் கோடுகோடான நிழல், பணத்துக்காகக் கொல்லும் சாதாரண மனிதர்கள். அவற்றை எடுத்தவர்களே அதற்குப் பெயர் வைக்கவில்லை. போர் முடிந்து அமெரிக்கப் படங்கள் மொத்தமாகப் பாரிசுக்கு வந்து இறங்கியபோது, 1946இல் நினோ ஃபிராங்க் என்ற விமர்சகர் வைத்த பெயர்தான் 'ஃபிலிம் நுவார்'. கருப்புப் படம் என்று பொருள்.

அந்தக் கருப்புக்கு நடுவில் எப்போதும் ஒரு பெண் நிற்பாள். 1944இல் பில்லி வைல்டர் எடுத்த 'டபுள் இன்டெம்னிட்டி'யில் பார்பரா ஸ்டான்விக் நின்றார். இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் ஒருவன் வீட்டுக்கு வருகிறான். மாடிப்படியில் அவள் இறங்கி வருகிறாள். அவன் கண்ணில் முதலில் படுவது அவள் காலில் கிடக்கும் ஒற்றைக் கொலுசு. அவ்வளவுதான், ஆள் காலி. கணவன் பேரில் பாலிசி எடுத்து, கணவனையே தீர்த்துக்கட்டித் தொகையை வாங்கும் திட்டத்தில் அவனும் கூட்டாளி ஆகிறான். இதன் மூலக்கதையை எழுதியவர் ஜேம்ஸ் எம். கெய்ன். 1927இல் நியூயார்க்கில் ரூத் ஸ்னைடர் என்ற பெண் காதலனோடு சேர்ந்து கணவனைக் கொன்ற வழக்கிலிருந்து பிறந்த கதை அது. ஸ்னைடருக்கு மறு ஆண்டே மின்சார நாற்காலி.

இரண்டு ஊர் சினிமாவுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல எனக்கு அந்தக் கொலுசு போதும். நம் ஊரில் காலில் கிடப்பது புருஷனுக்காக நீதி கேட்கும் சிலம்பு. அங்கே புருஷனைக் கொல்லவைக்கும் கொலுசு. தமிழ் சினிமாவில் ஒரு பெண் கையில் துப்பாக்கியைக் கொடுக்க நினைத்தவருக்கு முன்னால் இருந்த சிக்கல் இதுதான். பணத்துக்காகவும் காதலனுக்காகவும் புருஷனைச் சுடுகிற நாயகியை இங்கே எவரும் ஏற்கமாட்டார்கள். அப்படியானால் எதற்காகச் சுடலாம்?

அந்தக் கேள்விக்கு விடை கண்டவர் ஒரு வீணைக்காரர். எஸ். பாலசந்தருக்கு அப்போது வயது 27. வீணையில் பேர் வாங்கியவர். நடித்தவர், படம் இயக்கியவர், யாருக்கும் வளைந்துகொடுக்காதவர். 1952இல் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கிச் சென்னைக்கும் வந்தது. அதில் அகிரா குரோசாவாவின் 'ராஷோமான்' காட்டப்பட்டது. காட்டில் ஒரு கொலை. அதைப் பற்றி ஆளுக்கொரு கதை. பாலசந்தர் பார்த்தார், கதை எழுதினார். திரைக்கதையும் வசனமும் ஜாவர் சீதாராமன். விக்டர் ஹ்யூகோ நாவலிலிருந்து எடுத்த 'ஏழை படும் பாடு' படத்தில் இன்ஸ்பெக்டர் ஜாவராக நடித்து, அந்தப் பேரையே தன் பேருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டவர். 'அந்த நா'ளிலும் சி.ஐ.டி. அதிகாரி சிவானந்தமாக வந்து அவரே விசாரிக்கிறார். தான் எழுதிய முடிச்சைத் தானே அவிழ்க்கும் வேலை.

பணம் போட்டவர் ஏவி.எம். மெய்யப்ப செட்டியார். பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை என்றதும் எந்த முதலாளியும் கதவைச் சாத்தியிருப்பார். செட்டியார் சாத்தவில்லை. அவர் குறுக்கிட்டது வேறு இடத்தில். முதலில் வேறொரு நடிகரை வைத்துப் படத்தில் கணிசமான பகுதியை எடுத்திருந்தார்கள். போட்டுப் பார்த்த செட்டியார், எடுத்ததை ஒதுக்கிவிட்டு சிவாஜியை வைத்து மறுபடி எடுக்கச் சொன்னார். பாலசந்தர் மல்லுக்கு நின்று கடைசியில் இணங்கினார். படம் பிழைத்தது செட்டியாரின் அந்தப் பிடிவாதத்தால்தான். நல்லவன்போலச் சிரித்து உள்ளே அழுகிப்போன ராஜனை அன்றைய சிவாஜியைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியும் என்று நான் நம்பவில்லை.

கதையின் பின்னணி 1943 அக்டோபர் 11. ஜப்பான் விமானம் சென்னைமீது குண்டு போட்ட இரவு. நிஜத்தில் சேதம் சொற்பம்; பீதிதான் பெரிது. அதற்கு முந்தைய ஆண்டு, 1942 ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு விழுந்தபோதே பட்டணம் பாதி காலி. 'எவாக்குவேஷன்' என்ற ஆங்கில வார்த்தை அப்போதுதான் தெற்குச் சீமைத் திண்ணைகளில் புழங்கத் தொடங்கியது. ஆச்சி கடைசிவரை அதை 'வேக்குவேசன்' என்றுதான் சொன்னாள்.

ராஜன் ரேடியோ எஞ்சினியர். குறைந்த விலையில் ரேடியோ செய்யும் வழி கண்டுபிடிக்கிறான். அரசாங்கம் கண்டுகொள்ளவில்லை. அந்தக் கசப்பு முற்றி, ஜப்பானுக்கு உளவு சொல்கிறவன் ஆகிறான். அவனைச் சுட்டது யார்? பக்கத்து வீட்டுச் சின்னையா, தம்பி பட்டாபி, தம்பி மனைவி ஹேமா, ராஜனின் தொடர்பில் இருந்த அம்புஜம் என்று ஒருவர் அடுத்தவரைக் கைகாட்டுகிறார்கள். ஒவ்வொரு வாக்குமூலத்திலும் ஒரு கொலை நடக்கிறது. ஒவ்வொன்றிலும் வேறு கை.

ராஜனின் மனைவி உஷா இவற்றுக்கெல்லாம் ஒரு ஓரத்தில் இருக்கிறாள். துக்கத்தில் இருப்பவள் என்பதால் நாமும் அவளைத் தொந்தரவு செய்வதில்லை. தாலியை இழந்த பெண்மீது சந்தேகப்படுவது நம் வளர்ப்பிலேயே கிடையாது. பாலசந்தர் அந்த வளர்ப்பின் முதுகில்தான் ஏறிச் சவாரி செய்கிறார். கடைசியில் அவள் வாய் திறக்கும்போது, துப்பாக்கி இருந்த கை தெரிகிறது.

இந்த இடத்தில் எஸ். மாருதிராவின் கேமராவைச் சொல்லாமல் போனால் பாவம். 'பராசக்தி'யை எடுத்தவரும் அவரே. 'பராசக்தி'யில் முகங்கள் வசனம் பேசின. இதில் நிழல்கள் பேசுகின்றன. அன்றைய நாயகிகளுக்கு முகம் முழுவதும் ஒளியை நிரப்பி, நிலவுபோலக் காட்டுவதே தொழில் மரியாதை. இங்கே பண்டரிபாயின் முகத்தில் பாதி இருட்டில் கிடக்கிறது. ஒரு நடிகை இதற்குச் சம்மதித்ததே பெரிது.

யார் இந்தப் பண்டரிபாய்? வடகன்னடக் கடற்கரையில் பட்கல் ஊர்க்காரர். நம் பக்கத்து ஆள் இல்லை. தாய்மொழி தமிழும் இல்லை. இயற்பெயர் கீதா. அப்பா ஹரிகதையும் நாடகமும் கற்றவர். சின்ன வயதிலேயே மகளும் ஹரிகதை சொல்ல மேடை ஏறிவிட்டாள். 1943இல் 'வாணி' என்ற கன்னடப் படத்தில் அறிமுகம். உஷாவின் கதை நடக்கும் அதே ஆண்டு.

ஹரிகதைக்காரர்களிடம் ஒரு பயிற்சி உண்டு. பக்கத்தில் யாரும் இல்லாமல், ஒற்றை ஆளாக நின்று, குரலால் மட்டுமே கூட்டத்தைக் கட்டிப்போட வேண்டும். பண்டரிபாய் கண்களை உருட்டி நடித்து நான் பார்த்ததில்லை. அடங்கிய குரல், அளந்த நிறுத்தம். 1952 தீபாவளிக்கு வந்த 'பராசக்தி'யில் விமலாவாக வந்து, உலகத்தையே எரித்துவிடத் துடிக்கும் குணசேகரனை உட்காரவைத்து நியாயம் கேட்கிறாரே, அங்கேயே இது தெரியும். சிவாஜிக்கு அது முதல் படம். பண்டரிபாய் அதற்குள் ஒன்பது ஆண்டு அனுபவசாலி. 1954இல் கன்னடத்தில் 'பேடர கண்ணப்பா'வில் ராஜ்குமாரின் முதல் நாயகியும் அவரே. இரண்டு மொழிகளில் இரண்டு சிகரங்களைக் கைபிடித்து மேடைக்கு அழைத்துவந்தவர் என்று சொன்னால் மிகையில்லை.

இனி கடையம்.

இந்தத் தொடரில் எங்கோ நடந்த கதையை எழுதும்போதெல்லாம் நம் ஊருக்கு ஒரு நூல் ஓடுகிறதா என்று தேடும் கெட்ட பழக்கம் எனக்கு. பல வாரங்களில் இழுத்துக் கட்டியிருக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன். இந்த வாரம் நூல் தானாகவே வந்து காலைச் சுற்றியது.

கடையத்துப் பெண் செல்லம்மாவைப் பாரதி கட்டியது 1897இல். 1918 டிசம்பரில் கடலூர்ச் சிறையிலிருந்து வெளியே வந்ததும் அவர் தங்கியது மாமனார் ஊரான இந்தக் கடையத்தில்தான். ஏறத்தாழ இரண்டு வருடம். நித்யகல்யாணி அம்மன் கோயில் பக்கமும் ராமநதிக் கரையிலும் அவர் திரிந்த கதைகளை இன்றும் கேட்கலாம். மனைவியின் தோளில் கை போட்டுக்கொண்டு தெருவில் நடந்தார் என்பது அன்றைக்கு அக்கிரகாரத்துக்கே ஆகாத சேதி. இன்றைக்கு அதே கோலத்தில் ஊரில் சிலை நிற்கிறது.

பாரதி பாட்டுகளை இசைத்தட்டில் பதியும் உரிமை ஜேசிங்லால் மேத்தா என்ற வணிகரிடம் இருந்தது. அதை அவரிடமிருந்து விலைக்கு வாங்கியவர் மெய்யப்ப செட்டியார். காரைக்குடியில் கொட்டகை போட்டு ஸ்டூடியோ நடத்திய அந்தக் காலத்தில், 1947இல், 'நாம் இருவர்' படத்தில் அந்தப் பாட்டுகளை வைத்தார், தமிழ்நாடே பாடியது. மறு ஆண்டு டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹண'னில் ஒரு பாரதி பாட்டைப் பயன்படுத்த, வழக்கு வந்தது. ஒருவன் பாட்டு இன்னொருவன் பெட்டியில் பூட்டிக் கிடப்பதா என்று நாடெங்கும் குரல் எழுந்தது. செட்டியார் காசு வாங்காமல் உரிமையை விட்டுக்கொடுத்தார். 1949இல் அரசு பாரதி படைப்புகளை எடுத்துக்கொண்டது.

பாட்டைக் கொடுத்துவிட்டார் செட்டியார். பாரதி மட்டும் அவருடைய ஸ்டூடியோவை விட்டுப் போகவில்லை என்பது என் கட்சி. உஷாவைப் பாருங்கள். படித்தவள், மேடையில் பேசக்கூடியவள், நாட்டைப் பற்றிக் கணவனிடமே வாதாடுகிறவள். பாரதி கண்ட புதுமைப் பெண்ணைத் தமிழ் சினிமா அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ தடவை சேலை மாற்றிக் காட்டியிருக்கிறது. அவளுக்குக் கொள்கை என்று ஒன்று இருந்தால் அது எதுவரை போகும் என்று கேட்டுப் பார்த்தது 'அந்த நாள்' மட்டுமே. ஹாலிவுட் பெண் இன்ஷூரன்ஸ் பணத்துக்காகச் செய்ததை இந்தப் பெண் தேசத்துக்காகச் செய்கிறாள். பாலசந்தர் கண்ட விடை அதுதான். கணவனைவிடப் பெரிய ஒன்றைக் காட்டினால்தான் கணவனைச் சுடலாம். நாடு என்பது இங்கே மேலதிகாரி மாதிரி. அதன் கையெழுத்து இருந்தால் எந்த விதியையும் தளர்த்தலாம்.

ஆனால் அந்தக் கையெழுத்திலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. 1943 அக்டோபரில் ஜப்பானோடு சேர்ந்தவன் துரோகி என்று படம் சொல்கிறது. அதே 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் நேதாஜியின் ஜான்சி ராணிப் படைக்குப் பயிற்சி முகாம் திறந்தது. தலைவி சென்னைப் பெண் கேப்டன் லட்சுமி. ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் அங்கே துப்பாக்கி பிடித்தார்கள், ஜப்பான் இருந்த பக்கத்தில் நின்று, இதே தேசத்துக்காக. உஷா சுட்டதும் நாட்டுக்காக, அவர்கள் தூக்கியதும் நாட்டுக்காக. 1954இல் படம் பார்த்தவர்களில் மலாயாவிலிருந்து திரும்பியவர்களும் இருந்திருப்பார்கள். அவர்கள் என்ன நினைத்தார்களோ.

இன்னொரு நூலும் உண்டு, அது ரேடியோவில் ஓடுகிறது. 1951இல் செல்லம்மா பாரதி திருச்சி வானொலியில் பேசினார். தலைப்பு 'என் கணவர்'. ஊர் பைத்தியம் என்று சொன்ன மனிதனோடு குடித்தனம் நடத்திய கஷ்டத்தையும் பெருமையையும் ஒரு பெண் மைக் முன்னால் சொன்னாள். மூன்று வருடம் கழித்து, ரேடியோ எஞ்சினியரின் மனைவி உஷா சி.ஐ.டி. முன்னால் சொன்னதும் 'என் கணவர்' கதைதான். இந்த இரண்டையும் யாரும் திட்டமிட்டுக் கோத்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் கணவனைப் பற்றி மனைவி தன் வாயால் முழுக்கதையும் சொல்ல, ஊர் வாய்மூடிக் கேட்பது நம் பக்கத்தில் அடிக்கடி நடக்கிற காரியமா? செல்லம்மா 1955இல் காலமானார்.

படம் ஓடவில்லை. ஆச்சியின் முறுக்குக் கணக்குத்தான் ஊருக்கெல்லாம். மத்திய அரசு விருதில் அந்த ஆண்டு தமிழுக்கான வெள்ளிப் பதக்கம் 'மலைக்கள்ள'னுக்குப் போனது. 'அந்த நா'ளுக்குத் தகுதிச் சான்றிதழ். பாலசந்தர் பத்து வருடம் கழித்து 'பொம்மை', பிறகு 1970இல் 'நடு இரவில்' என்று மர்மத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, வீணைக்கே போய்விட்டார். 1990இல் பிலாயில் அவர் இறந்த தேதி ஏப்ரல் 13. 'அந்த நாள்' வெளியான அதே நாள்.

பண்டரிபாய்க்கு என்ன ஆயிற்று என்பதுதான் எனக்கு முக்கியம். அதே 1954இல் எம்.என். ராஜம் 'ரத்தக்கண்ணீர்' காந்தாவாக வந்து, ஒருவனை உறிஞ்சித் துப்பும் பெண்ணாகப் பெயர் வாங்கினார். கெட்ட பெண் வேடம் ஒரு வரிசை நடிகைகளுக்கு என்று ஒதுக்கப்பட்டது. பண்டரிபாய் அந்த வரிசையில் இல்லை. அவர் முகத்தில் சாந்தம் இருந்தது. ஒருமுறை துப்பாக்கி பிடித்த கைக்கு அடுத்து யாரும் துப்பாக்கி தரவில்லை. தந்தது குத்துவிளக்கு.

1956இல் 'குலதெய்வம்'. அதையே மறு ஆண்டு ஏவி.எம். இந்தியில் 'பாபி'யாக எடுத்தபோதும், பல்ராஜ் சாஹ்னிக்கு ஜோடியாக, குடும்பத்தைத் தாங்கும் அதே அண்ணி அவர்தான். 1965இல் 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் எம்.ஜி.ஆருக்கு அக்கா. 1968இல் 'குடியிருந்த கோயி'லில் எம்.ஜி.ஆருக்கு அம்மா. கணக்குப் போட்டுப் பார்த்தால் மகனைவிட அம்மா பத்து வயதுக்கு மேல் இளையவர்! மறு ஆண்டு 'தெய்வமக'னில் மூன்று சிவாஜி. ஒருவருக்கு மனைவி, இருவருக்குத் தாய். 'பராசக்தி'யில் காதலியாக, 'அந்த நா'ளில் கொலைகாரியாக எதிரே நின்ற அதே சிவாஜிக்குத்தான் இந்த மூன்று வேலையும். இருவரும் ஏறக்குறைய சம வயதுக்காரர்கள்.

ஸ்டான்விக்கும் கடைசியில் அம்மாவாகத்தான் ஆனார். 1965இலிருந்து 1969வரை தொலைக்காட்சியில் 'தி பிக் வேலி' தொடரில் பண்ணை ஒன்றைக் கட்டி ஆளும் விதவைத் தாய். ஆனால் அந்தத் தாய் குதிரை ஏறுவாள், துப்பாக்கி தூக்குவாள். அதே நாலு வருடத்தில் நம் பண்டரிபாய் இருமினார், விளக்கேற்றினார், மகன் வரும் வழி பார்த்தார். அதையும் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1973இல் 'கௌரவ'த்தில் பாரிஸ்டர் ரஜினிகாந்த் என்ற பாத்திரத்தின் மனைவியாக, கர்ஜிக்கும் கணவனுக்கும் வளர்த்த பிள்ளைக்கும் நடுவில் நின்று, ஒரு வார்த்தை பேசாமல் முகத்தைத் திருப்புவாரே, அந்த ஒரு திருப்பலில் உஷா எட்டிப்பார்த்துவிட்டுப் போவாள். எனக்கு மட்டும்தான் அப்படித் தோன்றுகிறதோ என்னவோ.

2003 ஜனவரி 29 அன்று சென்னையில் மறைந்தார். அறுபதாண்டு நடிப்பு வாழ்க்கை. இரங்கல் எழுதியவர்கள் பெரும்பாலும் எடுத்த சொல் 'அம்மா'.

போன மாதம் குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்தது. கடையம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடையில் ஒதுங்கினேன். டி.வி.யில் 'மன்னன்'. ரஜினிகாந்த் அம்மாவைச் சுமந்துகொண்டு கோயிலுக்குப் போகும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. டீ ஆற்றுகிறவர் கையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்ததோ, ஆவியோ தெரியவில்லை.

"இந்த அம்மா ஒரு காலத்துல சிவாஜியச் சுட்டுக் கொன்னவங்க, தெரியுமா?" என்றேன்.

"போங்க அண்ணாச்சி, வேற வேல இல்ல" என்று டீயை வைத்துவிட்டு மறுபடி டி.வி.யைப் பார்த்தார்.

(அடுத்த வாரம்: எம்.என். ராஜமும் காந்தாவும்)